தவமக்கா டல்சிமர் வாசித்த காலம்

தவமக்காவின் அரங்கேற்றக் காணொளியைக் கனடாவிலும் பிரான்சிலும் ஊரிலுமாக ஆயிரக்கணக்கான சனம் பார்த்துவிட்டதாம். அறுபது வயதில் ஒரு பெண் மேடையேறிவிட்டார் என்று கீழே வரிசை வரிசையாகப் பூக்களையும் கூப்பிய கைகளையும் போட்டு வைத்திருக்கிறார்கள். அத்தனை பேரில் ஒருவராவது காதைக் கொடுத்துக் கேட்டிருந்தால் எனக்கு இப்படி வயிறு எரியாது. நான் அன்று முன்வரிசையில் இருந்தவள். கடைசிப் பாட்டில் தவமக்காவின் கை கம்பியைத் தொடவே இல்லை.

தவநாயகி என்பது முழுப்பெயர். நானும் அவரும் மனோர் பார்க்கில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் குசினியில் நெடுங்காலமாக ஒன்றாக வேலை செய்கிறோம். அவர் சமைப்பார், நான் பரிமாறிக் கழுவுவேன். அவர் யாழ்ப்பாணத்துச் சைவம், வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயில். நான் மன்னார் வேதக்காரி, பெயர் ஜெஸ்ரின், வாய் கொஞ்சம் நீளம். அவருக்கு வாயே இல்லை. அதனால்தான் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

அவர் லண்டனுக்கு வந்தது தங்குவதற்காக அல்ல. ஜெர்மனியில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். போகிற வழியில் தம்பி கனகலிங்கத்தின் வீட்டில் சில கிழமை நின்றுவிட்டுப் போவதாக ஏற்பாடு. அந்தச் சில கிழமைக்குள் தம்பியின் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவள் கண்ணை மூடியபோது மகள் கம்சிகாவுக்கு மூன்று வயது. ஜெர்மனிக்காரர் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் கட்டிக்கொண்டார். இதைத் தவமக்கா எனக்குச் சொன்னபோது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பஸ் பிந்திவிட்டது என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தார்.

கம்சிகாவை அவர்தான் வளர்த்தார். பள்ளிக்கூடம், தமிழ் வகுப்பு, நடன வகுப்பு எல்லாவற்றுக்கும் மழையிலும் பனியிலும் கூட்டிப்போய் வந்தார். கம்சிகா படித்து மருந்துக்கடையில் பெரிய வேலைக்கும் வந்துவிட்டாள். கனகலிங்கம் ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை வைத்து முன்னேறி, வீட்டுக்குப் பின்பக்கம் கூட ஒரு அறை இழுத்துக் கட்டினான். தவமக்கா மட்டும் வந்த நாளில் படுத்த அதே பொக்ஸ் ரூமில்தான் படுக்கிறார். அங்கே அவரோடு இஸ்திரி மேசையும் வெறும் சூட்கேசுகளும் பண்டிகைக்கு எடுக்கிற பெரிய சட்டிகளும் குடியிருக்கின்றன. கதவுக்குக் கொக்கி கிடையாது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் முன்பு சங்கீதம் படிப்பித்த ஜூன் என்ற வெள்ளைக்கார அம்மா ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் எங்களைப் பார்க்க வந்தார். சனிக்கிழமை காலைகளில் லைப்ரரியின் பின்னறையில் வயது போனவர்கள் கூடி ஒரு வாத்தியம் பழகுகிறோம், வாருங்கள், வாத்தியம் நாங்களே தருவோம், தேத்தண்ணியும் உண்டு என்றார். எனக்குப் பிறஷர். மனதுக்கு ஆறுதலாக ஏதாவது செய் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். தனியே போகக் கூச்சமாக இருந்ததால் தவமக்காவை இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த வாத்தியத்துக்குப் பெயர் மவுண்டன் டல்சிமர். அமெரிக்காவின் மலைப்பக்கத்துச் சனம் வீட்டுக்குள் இருந்து வாசித்ததாம். நீட்டுக் கத்தரிக்காயைப் பாதியாய்ப் பிளந்து பலகையில் ஒட்டியதுபோல் இருக்கும். நடுவில் நீளமாக ஒரு கட்டை, அதன் மேல் கம்பிகள். கதிரையில் இருந்து மடியில் கிடத்தி, இடக்கையில் பிடித்த சிறு கோலால் ஒரு ஓரக்கம்பியை அழுத்தி நகர்த்தவேண்டும். வலக்கையால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து வருடவேண்டும். ஓரக்கம்பி பாட்டைச் சொல்லும். மற்றக் கம்பிகள் சும்மா ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டு இருக்கும்.

எனக்கு மூன்றாம் கிழமையே அலுத்துவிட்டது. பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. தவமக்கா நின்றுவிட்டார்.

அவர் ஏன் நின்றார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. கட்டையில் பதித்திருக்கும் குறுக்குக் கம்பிகள் வீணையில் இருப்பதுபோல் நெருக்கமாக இல்லை. இடைக்கிடை பெரிய இடைவெளி விட்டிருக்கும். நாட்டுப் பாட்டுக்கு வேண்டிய சுரங்களுக்கு மட்டும்தான் குறுக்குக் கம்பி. மற்றச் சுரங்கள் அந்த வாத்தியத்திலேயே இல்லை. ஆகவே கோல் எங்கே போய் நின்றாலும் காதுக்கு இதமாகத்தான் கேட்கும், பிழை என்று ஒன்று பெரிதாய்த் தெரியாது. பிழைத்தால் சிரிப்போம், மேடைக்கு ஒருவரும் போவதில்லை என்று ஜூன் முதல்நாளே சொல்லியிருந்தார். ஜமேய்க்காவில் இருந்து வந்த பஸ் சாரதி ஒருவர், அயர்லாந்துச் சகோதரிகள் இருவர், இன்னும் சிலர். வட்டமாக இருந்து வாசிப்பார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், போய்விடுவார்கள். தவமக்காவின் இங்கிலிஷ் குசினியோடு நின்றுவிட்ட இங்கிலிஷ். அங்கே அதுவும் தேவைப்படவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு அறைக்குள் யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்காமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நாளில் அந்தக் கூட்டத்தில் ஒருவரிடம் பழைய டல்சிமர் ஒன்றை வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டார். மாஜரீன் டப்பாவின் மூடியை முக்கோணமாக வெட்டிக் கம்பி வருடினார். சீலையில் வாத்தியம் வழுக்குகிறது என்று, மேசை லாச்சிக்குள் விரிக்கிற றப்பர்த் துணியை வெட்டி மடியில் போட்டுக்கொண்டார். வேலை முடிந்து வந்து, தம்பியும் கம்சிகாவும் வருமுன், பின்னேரங்களில் வாசிப்பார். அந்தச் சத்தம் மிக மெல்லிசு. குசினி விசிறியைப் போட்டால் கேட்காது.

சில நாள் நான் போய்க் கட்டில் விளிம்பில் இருந்து கேட்டிருக்கிறேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அந்த அறையில் அந்த நேரம் நன்றாக இருந்தது. பாட்டுகளின் இங்கிலிஷ் பெயர்கள் அவருக்கு வாயில் நுழையாது. தானே பெயர் வைத்திருந்தார். மழை விட்ட பாட்டு என்று ஒன்று, பஸ்ஸுக்கு நிற்கிற பாட்டு என்று இன்னொன்று. பஸ்ஸுக்கு நிற்கிற பாட்டு முடிவே இல்லாமல் திரும்பத் திரும்பப் போகும். "இது எப்ப அக்கா முடியும்?" என்று கேட்டால், "பஸ் வந்தால்" என்பார். பகிடி விடத் தெரிந்தவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஒருநாள் கேட்டேன், "தம்பியாருக்கு இன்னும் சொல்லேல்லையோ?"

"சொன்னால் அவன் சந்தோசப்படுவான்."

"அது நல்லதுதானே அக்கா."

"அவன் சந்தோசப்பட்டால் ஊருக்கே சாப்பாடு போடுவான், ஜெஸ்ரின். உமக்குத் தெரியாதே? இது அப்பிடியான சாமான் இல்லை. இது எனக்கு மட்டும்."

எனக்கு மட்டும் என்ற சொல்லை அந்த மனுசியின் வாயில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. சோறு, சீலை, நித்திரை எதுவும் அவருக்கு மட்டும் என்று இருந்ததில்லை. இந்த ஒன்று இருந்தது. இதுவும் போனால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று அன்றைக்கே எனக்குப் பயம் பிடித்தது.

பிறகு கனகலிங்கத்துக்குக் காய்ச்சல் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்து கீழே படுத்திருந்தான். தவமக்கா அதை அறியாமல் பின்கதவால் வந்து நேரே மேலே போய்விட்டார். அவன் சத்தம் கேட்டு மாடிப்படியில் ஏறி, திறந்திருந்த கதவிடுக்கால் பார்த்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். அவன் போனில் படம் எடுத்துக்கொண்டே அழுதானாம். அவனே எனக்குச் சொன்னான், சொல்லும்போதும் கண் கலங்கினான். அவனை நான் எத்தனை தரம் ஏசியிருந்தாலும் அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அழுதவன் கையோடு அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். விடியுமுன் உலகத்துத் தமிழரில் பாதிப்பேர் பார்த்துவிட்டார்கள்.

எங்கள் சனத்தின் வழக்கம் தெரிந்ததுதானே. லண்டனில் ஒரு தமிழ்ப் பிள்ளை எதையும் பழகினால் மட்டும் போதாது. அரங்கேற்றம் வேண்டும். மண்டபம், பிரதம விருந்தினர், பளபளக்கும் அழைப்பிதழ், பக்கவாத்தியம், பொன்னாடை, பந்தி. நீச்சல் பழகினால்கூடக் குளத்தைச் சுற்றிக் குத்துவிளக்கு வைப்பார்கள் என்று நான் பகிடி சொல்வதுண்டு. தவமக்காவுக்கு அந்த வருடம் அறுபது பிறந்தது. கனகலிங்கம் இரண்டையும் முடிச்சுப் போட்டான்.

அவன் அதைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்தேன்.

"கம்சிகாவின்ர அரங்கேற்றத்துக்கு அக்கா நித்திரையே கொள்ளாமல் பலகாரம் சுட்டவ. அண்டைக்கு அவ மண்டபத்துக்குள்ள வந்து ஆட்டம்கூடப் பார்க்கேல்லை, குசினியிலதான் நிண்டவ. அக்காவுக்கு எண்டு நாங்கள் என்ன செய்தனாங்கள்? ஒண்டும் செய்யேல்லை. இப்ப செய்யப் போறன்."

"மாமி, இட்ஸ் கோயிங் டு பி அமேசிங்," என்று கம்சிகா கட்டிப்பிடித்தாள்.

"வேண்டாம் தம்பி," என்றார் தவமக்கா. "நான் விளையாட்டுக்கு வாசிக்கிறனான்."

"பாத்தீங்களே, அக்கா எப்பவும் இப்பிடித்தான்," என்று அவன் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

"உண்மையாய் வேண்டாமடா."

இரண்டாம் தரமும் வேண்டாம் என்றார். யார்தான் அதைக் கேட்டார்கள்? எங்கள் ஆட்களில் யாராவது ஒருவர் முதற் கேள்வியிலேயே தேத்தண்ணி வேண்டும் என்று சொன்னதுண்டா? வேண்டாம் என்பதுதான் மரியாதை. கேட்டவர் திரும்பவும் கேட்கவேண்டும், மற்றவர் திரும்பவும் மறுக்கவேண்டும், கடைசியில் கோப்பை கைக்கு வரும். தவமக்கா வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் அப்படித்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். உண்மையாக வேண்டாத ஒன்று வந்தபோது அதைச் சொல்ல அவரிடம் வேறு சொல் இருக்கவில்லை. நான் இடையில் புகுந்து, "அவ வேண்டாம் எண்டால் விடன்," என்றேன். அவன் எனக்கு இன்னொரு அகப்பை பாயாசம் விட்டான்.

பழக்குவதற்கு வெம்பிளியில் இருந்து அம்பலவாணன் என்ற வீணை வாத்தியாரைப் பிடித்தார்கள். நேர்மையான மனுசன். டல்சிமரை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார்.

"சுருதி சுத்தமாய் இருக்கு. ஆனால் இதில பாதிச் சுரம் இல்லையே. கீர்த்தனை ஒண்டும் இதில ஏலாது. இதை இப்பிடியே விட்டிட்டு, விருப்பமெண்டால் வீணை பழகட்டும்."

"இல்லாததைப் போடலாம்தானே?" என்றான் கனகலிங்கம்.

இப்படி ஒரு யோசனை எங்கள் ஆளைத் தவிர வேறு எவனுக்கும் வந்திராது. அக்காவுக்குத் தெரியாமல் கட்டிலுக்குக் கீழிருந்து அதை எடுத்துக்கொண்டுபோய், கிற்றார் திருத்துகிற ஒருவனிடம் கொடுத்தான். இடைவெளி இருந்த இடமெல்லாம் புதிதாகக் குறுக்குக் கம்பிகள் அடிப்பித்தான். ஸ்பீக்கரில் கேட்பதற்கு உள்ளே ஒரு மைக் வைப்பித்தான். பலகை மங்கிக் கிடக்கிறது என்று வார்னிஷும் பூசுவித்தான். பிறகு ஐயரிடம் கொடுத்து அர்ச்சனை செய்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு தட்டில் பட்டுத்துணி விரித்துக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தான். அவன் முகத்தில் அன்று இருந்த சந்தோசத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள்.

தவமக்கா அதைத் தடவிப் பார்த்தார். மடியில் வைத்து, கோலை எடுத்து, மழை விட்ட பாட்டைத் தொடங்கினார். இரண்டாம் அடியிலேயே கோல் ஒரு புதுக் குறுக்குக் கம்பியில் ஏறி நின்றது. காதைக் கிழிக்கிற ஒரு சத்தம். திரும்பவும் தொடங்கினார், திரும்பவும் அதேதான். அவருடைய கை சுரத்தின் பெயர்களை அறியாது. இடைவெளிகளைத் தடவித்தான் அது வழி பழகியிருந்தது. பிழை வரவே இடமில்லாமல் இருந்த ஒரு வாத்தியத்தில், ஒவ்வொரு விரலிடைக்கும் ஒரு பிழையைப் பதித்துக் கொடுத்துவிட்டார்கள்.

"எப்பிடி அக்கா?" என்றான் கனகலிங்கம்.

"நல்லாயிருக்கு தம்பி," என்றார் தவமக்கா.

பிறகு என்ன. மூன்று மாதம் முன்னறையில், எல்லோரும் பார்த்திருக்க, பயிற்சி நடந்தது. அம்பலவாணன் பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தார். தவமக்கா கீழ்ப்படிதலோடு செய்தார். சனிக்கிழமையும் பயிற்சி என்றபடியால் லைப்ரரிக் கூட்டம் நின்றுபோனது. ஜூன் என்னிடம் விசாரித்தார். என்ன நடந்தது என்று நான் விளங்கப்படுத்தியதும், "ஓ, மை டியர்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். குசினியில் தவமக்கா மெலிந்துகொண்டு வந்தார். பஸ்ஸுக்கு நிற்கிற பாட்டை இப்போது வாசிப்பதில்லையா என்று கேட்டேன். அது மறந்துபோச்சு என்றார்.

"ஏலாது எண்டு சொல்லுங்கோ அக்கா. வாயைத் திறந்து சொல்லுங்கோ."

"கனடாவில இருந்து டிக்கெற் போட்டிட்டினம், ஜெஸ்ரின்."

"போட்டால் போடட்டும். வந்து தேம்ஸ் ஆத்தைப் பாத்திட்டுப் போகட்டும்."

அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே ஈஸ்ட் ஹாமுக்குப் போய்க் கனகலிங்கத்தின் கடையில், வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற சனத்துக்கு முன்னால், அவனைப் பிடித்தேன்.

"உன்ர அக்காவை நீ கொல்லுறாய்," என்றேன்.

அவன் கோபப்படவில்லை. என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனான். "ஜெஸ்ரின் அக்கா, நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு இதுகள் விளங்காது. அவ எனக்காகத் தன்ர வாழ்க்கையை விட்டுக்குடுத்தவ. எனக்கு அது தெரியும். சாகமுன்னம் ஒருநாளாவது அவ மேடையில இருக்கவேணும், நாங்கள் கீழ இருக்கவேணும். அதைப் பாக்காட்டி எனக்கு நித்திரை வராது."

கெட்டவனாக இருந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அன்போடு வருகிறவனை எதைக் கொண்டு அடிப்பது? அரைக்கிலோ வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அழுகை வந்தது.

அரங்கேற்றம், நான் இருக்கிற பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வாசலில் தவமக்காவின் ஆளுயரப் படம். சீவிச் சிங்காரித்து, கம்சிகாவின் நகைகளைப் போட்டு, அவரை மேடையில் இருத்தினார்கள். றப்பர்த் துணி வடிவில்லை என்று யாரோ எடுத்துவிட்டதால், பட்டுச்சீலையில் வாத்தியம் வழுக்கிக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம் வயலின், அந்தப் பக்கம் மிருதங்கம். குசினி விசிறிக்கே அடங்கிப்போகிற அந்தச் சத்தத்தை ஸ்பீக்கரில் ஏற்றிவிட்டார்கள். மற்றக் கம்பிகளின் ரீங்காரம் மண்டபம் முழுக்க இரைந்தது.

முதற் பாட்டைத் தட்டுத்தடுமாறி முடித்தார். இரண்டாவதில் நடுவழியில் நின்றுவிட்டார். கோல் ஒரு கம்பியில் நின்றது, எந்தப் பக்கம் போவது என்று அதற்குத் தெரியவில்லை. வயலின்காரப் பெண் கெட்டிக்காரி, சட்டென்று பாட்டைத் தான் எடுத்துக்கொண்டாள். மிருதங்கக்காரர் இன்னும் பலமாக அடித்தார். சனம் அதுதான் உச்சக்கட்டம் என்று நினைத்துக் கைதட்டியது. மூன்றாம் பாட்டில் தவமக்கா வலக்கையைக் கம்பிக்கு மேலே, தொடாமல், அங்கும் இங்கும் அசைத்துக்கொண்டு இருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. முடியும்வரை அப்படியே அசைத்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓரத்தில் இருந்து தாளம் போட்ட அம்பலவாணன் தலையைக் குனிந்துகொண்டார். கனகலிங்கம் சின்னப் பிள்ளைபோல் விம்மி விம்மி அழுதான்.

பிரதம விருந்தினராக வந்த வழக்கறிஞர் பொன்னாடை போர்த்தி, எங்கள் பெண்களுக்கெல்லாம் இவர் ஒரு முன்மாதிரி என்று பேசினார். பிறகு மைக்கைத் தவமக்காவின் வாய்க்கு நேரே பிடித்து, இரண்டு வார்த்தை சொல்லுங்கோ அம்மா என்றார்கள். இப்போதாவது சொல்லிவிடு என்று மனதுக்குள் கத்தினேன்.

"எல்லாரும் சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றார் தவமக்கா.

அதோடு முடிந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். காணொளி பரவியதும் அழைப்புகள் வந்தன. ஒரு கோயிலில் நவராத்திரிக்கு, முதியோர் சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு, யாரோ ஒருவரின் மகளின் பூப்புனித விழாவுக்கு. கனகலிங்கம் எல்லாவற்றுக்கும் ஓம் என்றான். தவமக்கா ஒருநாள் வலக்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நோகுது, வாசிக்க ஏலாது என்றார். அடுத்த நாள் மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டியிருந்தார். எலும்பு முறிந்தவர்கள் போடுவதுபோல, உள்ளே தகடு வைத்தது.

குசினியில் என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். நோவு இல்லை. வேண்டாம் என்றால் ஒருவரும் நம்புவதில்லை, கை நோகுது என்றால் எல்லோரும் நம்புகிறார்கள் என்றார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கெட்டிக்காரி என்றுகூடச் சொன்னேன். கம்சிகா பதறிப்போய், தன் கடையில் இருந்து இன்னும் இறுக்கமான, விலைகூடிய பட்டி ஒன்றைக் கொண்டுவந்து தன் கையாலேயே கட்டிவிட்டாள். நித்திரையிலும் கழற்றக்கூடாது என்று கண்டிப்பு. கனகலிங்கம் கோயிலில் நேர்த்தி வைத்தான். டல்சிமரை வருகிறவர்கள் பார்ப்பதற்காக முன்னறையில் ஒரு தாங்கியில் நிறுத்தி மாலை போட்டான்.

தப்பியது மேடையில் இருந்துதான். பட்டி கட்டிய கையோடு எப்படி வாசிப்பது? பின்னேரத்தில் ஆளில்லாத வீட்டில் ஒரு கம்பியைத் தொட்டாலும், பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டால், கை சுகம் என்று தெரிந்துவிடும். சுகம் என்றால் திரும்பவும் மண்டபம்.

நான் சும்மா விடவில்லை. ஜூனிடம் போய், பழைய மாதிரியே இடைவெளிகள் உள்ள ஒரு டல்சிமரை இரவலாக வாங்கி வந்தேன். பார்க்கிங்கில் என் பிளாற்றுக்குத் தவமக்காவைக் கூப்பிட்டேன். என் மனுசன் வேலைக்குப் போயிருந்தார். யன்னல்களைச் சாத்தினேன். புதிய றப்பர்த் துணியும் வெட்டி வைத்திருந்தேன். அவர் பட்டியைக் கழற்றினார். கை வெளிறி, மடிப்பு மடிப்பாகத் தடம் பதிந்திருந்தது. வாத்தியத்தை மடியில் கிடத்தி, அந்த இடைவெளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ஆனால் வாசிக்கவில்லை. மேசையில் இருந்த என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கொண்டுபோய் அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தேன்.

"இங்க ஒருத்தரும் இல்லை அக்கா. நான்கூட வெளியில போறன்."

"நீர் இரும். உம்மால இல்லை." கோலைக் கம்பியில் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். "எங்க வைச்சாலும் பிழைக்கப்போகுது எண்டு கை பயப்பிடுது."

"இதில பிழை வராது. பழையது மாதிரித்தான் இது. பாருங்கோ."

"ஓம். எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியேல்லை."

பிறகு பட்டியை எடுத்துத் தானே பல்லால் இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரவுச் சமையல் இருக்குது என்று எழுந்துவிட்டார். நான் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். வேண்டாம் என்றார். நான் திரும்பக் கேட்கவில்லை.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவ்வளவு காலமும் பட்டியைக் கழற்றாமல் அதோடேயே சமைத்தார். போன மாதம் குசினியில் பெரிய அகப்பை அவர் கையில் இருந்து விழுந்தது. அடுத்த நாளும் விழுந்தது. கம்சிகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நெடுநாள் அசைக்காமல் கட்டி வைத்ததால் மணிக்கட்டு இறுகிவிட்டது, தசை வற்றிவிட்டது, இந்த வயதில் பழைய நிலைக்கு வருவது கடினம் என்று சொன்னார்களாம். இப்போது தவமக்கா சமைப்பதில்லை. பிள்ளைகள் சாப்பிட்டுப் போன மேசைகளை இடக்கையால் துடைக்கிறார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரை ஏசுவது என்றே தெரியவில்லை. அவருக்கு ஆறுதலாக எதையோ உளறினேன், அப்பியாசம் செய்தால் சரிவரும், டாக்குத்தர்மார் சொல்வதெல்லாம் நடக்கிறதா என்று. அவர் துணியை உதறி மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கவலையே இல்லை. நெடுநாளைக்குப் பிறகு ஆறுதலாக மூச்சுவிட்டவர்போல இருந்தார்.

"இனிப் பொய் சொல்லத் தேவையில்லை, ஜெஸ்ரின்," என்றார்.